சர்ஃபேஸ் டு ஏர்: ‘சர்ஃபேஸ்’னா தரை மட்டும்தானா?

2025 மே மாசம், ஆபரேஷன் சிந்தூர் நேரம். எங்க ஆயக்குடி டீக்கடை டிவியில ‘ஆகாஷ் ஏவுகணை பயன்படுத்தப்பட்டது’ன்னு செய்தி ஓடுச்சு. பக்கத்துல இருந்த பெரியவர், “எந்த ஊரு மேல தம்பி போட்டாங்க?”ன்னு பதறிக் கேட்டார்.

எந்த ஊர் மேலயும் இல்ல. நம்மள நோக்கி வர்றதை வானத்துலயே அடிச்சு நிறுத்துறதுதான் ஆகாஷோட வேலை. ஊரை அழிக்கிறதும் ‘ஏவுகணை’, ஊரைக் காப்பாத்துறதும் ‘ஏவுகணை’ன்னா பயம் வரத்தானே செய்யும்?

ராணுவத்துல இதுக்காகவே பேரோட ரெண்டு தகவலைச் சேர்த்துச் சொல்றாங்க. எங்கிருந்து கிளம்புது, இலக்கு எங்க இருக்கு. பிருத்வி, சர்ஃபேஸ் டு சர்ஃபேஸ். ஆகாஷ், சர்ஃபேஸ் டு ஏர், சுருக்கமா ‘சாம்’. ரெண்டுமே 1983-ல அப்துல் கலாம் தலைமையில தொடங்கின அதே திட்டத்துல பிறந்தவைதான். ஆனா எஞ்சினியரிங் வேற வேற. பிருத்விக்கு இலக்கு எங்கன்னு ஏவுறதுக்கு முன்னாடியே தெரியும். ஆகாஷுக்கு அப்படி இல்ல. கொய்யாத் தோப்புல பறக்குற கிளியை உண்டிவில்லால குறி வைக்கிற மாதிரி. கல்லு போய்ச் சேர்றதுக்குள்ள கிளி நகர்ந்துடும். அதனால கீழ ஒரு ரேடார் கிளியையும் கல்லையும் சேர்த்துப் பார்த்துட்டே, பறக்கும்போதே திருத்தம் சொல்லிட்டு இருக்கணும்.

இப்போ தமிழ்ல வர்ற ஒரு சிக்கல். ‘சர்ஃபேஸ்’ஐ நாம ‘தரை’ன்னு எழுதுறோம். ஆனா அதுல கடல் மேற்பரப்பும் அடக்கம். கப்பல்லருந்து கிளம்புற பராக்-8 கூட சர்ஃபேஸ் டு ஏர்தான். அதைத் ‘தரையிலிருந்து’ன்னு எழுதினா தப்பான படம் மனசுல வருது. என்னைக் கேட்டா, ‘கப்பலிலிருந்து வான் இலக்கைத் தாக்கும்’னு நேரா சொல்லிடலாம்.

உண்மையிலேயே தரையை மட்டும் குறிக்க ‘கிரவுண்ட் லாஞ்ச்டு’ன்னு தனிச் சொல் இருக்கு. அந்த ஒரு சொல்லோட வெயிட்டைப் பாருங்க. 1987 டிசம்பர் 8-ல ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட ஐஎன்எஃப் ஒப்பந்தம், 500-லருந்து 5,500 கிலோமீட்டர் வரை போற, தரையிலருந்து ஏவுற ஏவுகணைகளைத்தான் தடை பண்ணுச்சு. ரெண்டு நாடும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழிச்சாங்க. டோமஹாக்கோட தரை வடிவம் அதுல காலி. அதே டோமஹாக் கப்பல்ல இருந்தா? சட்டப்படி ஓகே! கிளம்புற இடம் மட்டும்தான் வித்தியாசம்.

2019 ஆகஸ்ட் 2-ல அமெரிக்கா அந்த ஒப்பந்தத்துலருந்து வெளியேறுச்சு. பதினாறே நாள்ல, ஆகஸ்ட் 18-ல, ஒரு டோமஹாக்கைத் தரையில நிறுத்தி ஏவி சோதனை பண்ணிட்டாங்க.