தானியத்துக்கு ஒரு சீட்டு

ரேஷன் கடையில் தானியம் வேண்டுமானால் கார்டைக் காட்ட வேண்டும். பனெம் என்ற நாட்டில் கார்டு செல்லாது. அங்கே ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் பெற, வீட்டுப் பிள்ளையின் பெயரைக் கூடுதலாக ஒரு சீட்டில் எழுதிக் குலுக்கல் குடுவையில் போட ஒப்புக்கொள்ள வேண்டும். கிடைக்கும் தானியமோ அரை வயிற்றுக்குத்தான் காணும். குலுக்கலில் பெயர் விழுந்தாலோ உயிருக்கே உலை!

நல்லவேளையாக, பனெம் ஒரு கற்பனை நாடு. அமெரிக்க எழுத்தாளர் சுசான் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவல் வரிசையில் வருவது. தமிழில் சொன்னால் 'பசி விளையாட்டு'. முதல் நாவல் 2008இல் வெளிவந்தது. 'கேட்சிங் ஃபயர்' 2009இலும் 'மாக்கிங்ஜே' 2010இலும் தொடர்ந்தன. இளவயதினருக்காக எழுதப்பட்ட இக்கதை, 2012 முதல் 2015 வரை நான்கு படங்களாக வந்து உலகெங்கும் ஓடியது. நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் பார்த்திருக்கக்கூடும். ஒரு பெண் வில்லும் அம்புமாக நிற்கும் சண்டைப் படம்தானே என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் உழைத்துப் பிழைப்பவர்கள் அறிய வேண்டிய கணக்கு ஒன்று அதில் இருக்கிறது.

பன்னிரண்டு மாவட்டங்கள்

வட அமெரிக்கா அழிந்தபின் அதே மண்ணில் எழுந்த நாடு பனெம். செல்வம் கொழிக்கும் தலைநகர் ஒன்று. அதற்காக உழைக்க 12 மாவட்டங்கள். ஒன்று மீன் பிடித்துக் கொடுக்கும். ஒன்று துணி நெய்து கொடுக்கும். ஒன்று பயிர் விளைத்துக் கொடுக்கும். 12ஆவது மாவட்டம் நிலக்கரி வெட்டிக் கொடுக்கும். விளைவிப்பவன் வயிறு நிறைவதில்லை. கரி வெட்டுபவன் வீட்டில் விளக்கு ஒழுங்காக எரிவதில்லை.

பிழைப்புத் தேடி வேறு மாவட்டத்துக்குப் போகலாமா என்றால், அதற்கும் தடை. பிறந்த இடத்திலேயே உழைத்துச் சாக வேண்டியதுதான். ஊர் விட்டு ஊர் வந்து சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் நமக்கு, இந்தத் தடையின் கொடுமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாவட்டங்கள் முன்பொரு முறை கலகம் செய்து தோற்றன. அதற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். மிஞ்சுகிற ஒருவருக்குப் பரிசு. பெற்றவர்களும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தே தீர வேண்டும்!

இருபதும் நாற்பத்திரண்டும்

மேலோட்டமாகப் பார்த்தால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். 12 வயதில் ஒரு சீட்டு, 13 வயதில் இரண்டு என்று ஏறி, 18 வயதில் ஏழு. சூழ்ச்சி தானியத்தில் இருக்கிறது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு தானியம் வாங்கலாம். ஒரு பங்குக்கு ஒரு சீட்டு. போட்ட சீட்டு அடுத்த ஆண்டு கழிந்துவிடாது. கடன் பாக்கி போலச் சேர்ந்துகொண்டே போகும்.

கதாநாயகி காட்னிஸின் தந்தை சுரங்க விபத்தில் இறந்தவர். தாய், தங்கை, தான் என்று மூன்று வயிறு. ஆண்டுக்கு மூன்று சீட்டும் வயதுக்குரிய ஒன்றும் சேர்ந்து நான்கு. ஐந்து ஆண்டில், 16 வயதில், 20 சீட்டு. அவளுடைய நண்பன் கேல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைக் காப்பவன். ஆண்டுக்கு ஆறு வீதம், 18 வயதில் 42 சீட்டு. காட்னிஸுடன் படிக்கும் மேயரின் மகளுக்கோ ஐந்தே ஐந்துதான்.

குடுவை ஒன்று, குலுக்கும் கையும் ஒன்று. ஆனால் உள்ளே நிறைந்து கிடப்பவை ஏழை வீட்டுப் பெயர்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நீயாகத்தானே தானியம் வாங்கினாய் என்று அதிகாரி சொல்லிவிடலாம். சீட்டு அதிகமுள்ள பிள்ளை, சீட்டு குறைந்த பிள்ளையைப் பார்த்துப் பொருமும். தலைநகரின் மீது திரும்ப வேண்டிய கோபம் பக்கத்து வீட்டின் மீது திரும்பும். சட்டம் எழுதியவர்களுக்கு வேண்டியதும் அதுவே.

கதையில், ஆயிரக்கணக்கான சீட்டுகளுக்கிடையே ஒரே ஒரு சீட்டு உள்ள 12 வயதுத் தங்கை பிரிமின் பெயர் விழுகிறது. அவளுக்குப் பதிலாகக் காட்னிஸ் தானே முன்வருகிறாள்.

கதை பிறந்த விதம்

ஓர் இரவு தொலைக்காட்சியில் சானல்களை மாற்றிக்கொண்டிருந்தாராம் காலின்ஸ். ஒன்றில் இளைஞர்கள் மோதும் போட்டி நிகழ்ச்சி. இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சி. இரண்டும் மனத்தில் கலந்து கதையாயின. அவருடைய தந்தை விமானப்படையில் பணியாற்றி, 1968இல் வியட்நாம் சென்றவர். போர் என்றால் என்ன என்பதை மகள் சிறு வயதிலேயே அறிந்திருந்தார். பனெம் என்பது ரொட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். மக்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் போதுமென்றாகிவிட்டதே என்று பண்டைய ரோமாபுரிக் கவிஞர் ஜுவனல் இடித்துரைத்ததிலிருந்து எடுத்தது.

திரையில் என்ன ஆயிற்று?

முதல் படத்தைக் கேரி ராஸும், அடுத்த மூன்றையும் பிரான்சிஸ் லாரன்சும் இயக்கினார்கள். காட்னிஸாக ஜெனிஃபர் லாரன்ஸ் நடித்தார். நிலக்கரி மாவட்டத்துக்கு, வடக்கு கரோலினாவில் ஹென்றி ரிவர் என்ற பழைய நூற்பாலைக் குடியிருப்பில் படம் பிடித்தார்கள். ஆலை போய், ஆட்களும் போய், வெறிச்சோடிக் கிடந்த தொழிலாளர் வீடுகள் அவை.

நாவலில் எல்லாவற்றையும் காட்னிஸே சொல்கிறாள். அவளுடைய பசி நம்முடைய பசியாகிறது. படத்தில், போட்டியை நடத்துவோரின் அறைக்குள்ளும் காமிரா நம்மை அழைத்துப் போகிறது. அடுத்தது யார் என்று ஆவலாய்ப் பார்க்கையில், நாமும் தலைநகரத்து ரசிகர்களோடு உட்கார்ந்துவிடுகிறோம். சீட்டுக் கணக்கை ஓரிரு வசனங்களில் முடித்துவிட்டார்கள். நான்கு படங்களும் 290 கோடி டாலருக்கு மேல் வசூலித்தன. 2013இல் கவர்கேர்ள் நிறுவனம் அந்தக் கொடிய தலைநகரின் பெயரிலேயே ஒப்பனைப் பொருள்களை விற்றது. வேடிக்கையைக் கண்டித்த கதையே வேடிக்கைச் சரக்காகிவிட்டது!

ஆனால் பழி முழுவதையும் படத்தின் மீது போடுவது நியாயமல்ல. 12ஆவது மாவட்டத்தில், நேசித்தவருக்கு விடைகொடுக்க மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துவார்கள். அந்தச் சைகையைத் தொலைதூரம் கொண்டுசேர்த்தது திரைதான். 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, மக்கள் தெருவில் மூன்று விரல் உயர்த்தினார்கள். கைது செய்வோம் என்று ராணுவம் எச்சரித்தது. அந்த நவம்பரில் பிரதமர் பிரயுத் முன்னிலையில் விரல் உயர்த்திய மாணவர்களைப் பிடித்துச் சென்றார்கள். 2021இல் மியான்மரிலும் ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, அந்நாட்டுத் தூதர் ஐ.நா. பொதுச் சபையிலேயே மூன்று விரல் உயர்த்தினார். சினிமாவில் பார்த்த சைகைதான். அதற்காகச் சிறை போகவும் சிலர் துணிந்தார்கள்.

பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்தால் தடுக்க வேண்டாம். நூலகத்தில் நாவல் கிடைத்தால் எடுத்துக் கொடுங்கள். படித்து முடித்ததும், கேலுக்கு 42 சீட்டு எப்படி வந்தது என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு, ஏழு ஆண்டு என்று கணக்குச் சொல்லிவிடுவார்கள். அந்த ஆறில் ஐந்து யாருடைய சாப்பாட்டுக்காக என்பதையும் கேட்டுவிடுங்கள்.