தட்டைத் திரைத் தொலைக்காட்சியின் ஆயுள்

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979ஆம் ஆண்டில். 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையுச்சியிலே அதன் கோபுரம் ஒன்று எழுந்தது. நாட்டின் மிக உயர்ந்த அம்மலைக்குக் கிழக்கே, இராகலை, உடப்புசல்லாவ முதலிய தேயிலைப் பிரதேசங்களைத் தன்னுள் அடக்கி விரிந்து கிடப்பது வலப்பனை. அங்குள்ள தோட்டங்களில், லயன் காம்பராவின் முன்னறையில் ஒரு மூலையை முழுதும் அடைத்துக்கொண்டிருந்த பருத்த கண்ணாடிக் குழாய்ப் பெட்டி இப்போது அநேகமாக மறைந்துவிட்டது. அவ்விடத்தைச் சுவரோடு ஒட்டிய மெல்லிய பலகை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டி போயிற்று, “தொலைக்காட்சிப் பெட்டி” என்ற பெயர் மட்டும் போகவில்லை!

கொழுந்து பறித்து ஈட்டிய கூலியில் மாதந்தோறும் தவணை கட்டி இதனை வாங்கும் குடும்பம் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “இது எத்தனை வருஷம் உழைக்கும்?” தவணை முடியுமுன் திரை இருண்டுவிட்டால், இல்லாத பொருளுக்குப் பணம் கட்டும் நிலை நேரும். ஆகையால் இக்கேள்வி எளிதாகத் தள்ளத் தக்கதன்று.

கடையில் வழக்கமாகக் கூறப்படும் விடை, 50,000 மணி நேரம் என்பது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இவ்வெண்ணின் பொருளை விளங்கிக்கொள்ளல் வேண்டும். திரைக்கு ஒளி தரும் விளக்குகளின் வெளிச்சம் முதல் நாளிருந்ததிற் பாதியாகக் குறைவதற்கு எடுக்கும் காலத்தையே அது குறிக்கின்றது. அக்காலம் வரை கருவி பழுதின்றி ஓடும் என்று அது உறுதி கூறவில்லை. மனிதனின் எலும்பு நூறாண்டு தாங்கும் என்பதனால் அவன் நூறாண்டு வாழ்வான் என்று முடிவு செய்யலாகுமா?

பரவலாக விற்பனையாகும் தட்டைத் திரையின் உட்புறத்தை மூன்று பகுதிகளாகக் கருதலாம். முன்னே இருப்பது திரவப் படிகங்கள் அடங்கிய கண்ணாடித் தகடு. இது தானாக ஒளிர்வதில்லை. ஒளியை வேண்டிய இடத்தில் விடுவதும் மறைப்பதுமே அதன் தொழில். அதன் பின்னே எல்ஈடி எனப்படும் சிறு விளக்குகள் பட்டை பட்டையாகப் பொருத்தப்பட்டுள்ளன. இவ்விரண்டுக்கும் மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி ஊட்டுவது மின்வழங்கற் பலகை. உடையாமலும் நனையாமலும் காக்கப்பட்டால் கண்ணாடித் தகடு நெடுங்காலம் உழைக்கும். முதலிற் சாவது பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒன்றே.

எல்ஈடி விளக்குகள் திருவிழாச் சர விளக்குகளைப் போலத் தொடராக இணைக்கப்பட்டவை. சரத்தில் ஒரு விளக்கு அறுந்தால் சரம் முழுவதும் அணைகின்றது. அநேக கருவிகளில் அந்த ஒன்றின் பொருட்டே திரை முழுவதும் இருண்டுவிடும். அவ்விளக்குகளைக் கெடுப்பது வெப்பம். வெப்பத்தைப் பெருக்குவது மிகையான மின்னோட்டம். கடையின் கூசும் ஒளியில் பளிச்சென்று தோன்றுவதற்காக வெளிச்சம் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதே நிலையில் வீட்டிலும் ஓடவிடுவது விளக்குகளின் ஆயுளை வீணாக அறுப்பதாகும். பின்னொளியைச் சற்றே தாழ்த்தி வைப்பது, செலவின்றி ஆயுளை நீட்டும் வழி.

மின்வழங்கற் பலகையில் உள்ள சிறு உருளைகளைத் திருத்துநர்கள் ‘கப்பாசிட்டர்’ என்பர். அவற்றினுள் உள்ள திரவம் வெப்பத்தால் மெல்ல உலர்ந்துபோகின்றது. சூழல் பத்துப் பாகை குளிர்ந்தால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலாளர் கையாளும் ஒரு விதி. இவ்விதிப்படி பார்த்தால், மலைநாட்டுக் குளிர் கொழும்பின் புழுக்கத்தை விடத் தொலைக்காட்சிக்கு உகந்தது. ஆனால் குளிர் கொடுத்ததை இடியும் மின்னலும் ஒரு நொடியிற் பறித்துக்கொள்கின்றன.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், பின்னர் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது இலங்கையின் வழக்கம். மின்னல் கூரைமேல் விழவேண்டும் என்பதில்லை. தொலைவில் விழுந்தாலும், மலைச்சரிவு நெடுகச் செல்லும் மின்கம்பியில் அது பேரழுத்த அலை ஒன்றை எழுப்பிவிடும். அவ்வலை மின்கம்பி வழியாகவோ, கூரைமேலுள்ள வட்டத் தட்டு அன்ரெனாவின் வடத்தின் வழியாகவோ உள்ளே நுழைகின்றது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சின் சிறு இடைவெளியை அது தாண்டிப் பாயவல்லது. பிளக்கையும் கழற்றல் வேண்டும். அன்ரெனா வடத்தையும் கழற்றல் வேண்டும். பலர் முன்னதைச் செய்து பின்னதை மறந்துவிடுகின்றனர். இவ்வேலையை வானம் இருளும்போதே முடித்துவிட வேண்டும். மின்னல் வெட்டத் தொடங்கிய பின் அவ்வடத்தைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. அப்போது தொலைக்காட்சி போனால் போகட்டும்.

மின்னலைத் தடுக்கும் காப்புச் சாதனங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை மிகையான மின்சாரத்தைத் தரைக்குத் திருப்புபவை. லயன்கள் கட்டப்பட்ட காலத்தில் மின்சாரத்தை எவரும் நினைக்கவில்லை. கம்பிகள் பின்னாளிற் சேர்க்கப்பட்டவை. முறையான புவித்தொடுப்பு இல்லாத காம்பராவில் அச்சாதனம் வெறும் அலங்காரப் பொருளே.

மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழ்வதையே பலரும் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் பெரும்பாலும் தேவையற்றது. கருவியின் முதுகிலுள்ள சீட்டில் 100 முதல் 240 வோல்ற்று என்று பொறித்திருந்தால், தாழ்வை அது தானே சமாளித்துக்கொள்ளும். அஞ்சவேண்டியது ஏற்றத்தையே. பொதுக் கம்பத்தில் ‘நியூட்ரல்’ கம்பி தளர்ந்து அறுந்தால், சில வீடுகளில் 230 வோல்ற்றுக்குப் பதிலாக 400 வோல்ற்றை நெருங்கும் அழுத்தம் பாயலாம். ஒரே இரவில் ஒரு வரிசை வீடுகளின் தொலைக்காட்சிகள் ஒருங்கே கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வீட்டில் விளக்கு அளவு மீறி ஒளிர்ந்து மறு வீட்டில் மங்கினால், உடனே பிரதான சுவிட்சை அணைத்து மின்விநியோக அலுவலகத்துக்கு அறிவித்தல் நன்று. மின்வெட்டு நீங்கும் வேளையும் இத்தகையதே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார். காரணம் குரங்காயினும் பிறிதாயினும், மின்சாரம் மீண்டு சில நிமிடங்கள் நிதானித்த பின்னரே பிளக்கைச் செருகல் வேண்டும்.

இனி வீட்டுக்குள் இருக்கும் பகைவர்கள். விறகடுப்பின் புகை பின்புறத் துவாரங்கள் வழியே புகுந்து கரியாகப் படிகின்றது. மூடுபனியின் ஈரம் அக்கரியோடு சேரும்போது மின்சாரம் தவறான வழியில் ஒழுகுகின்றது. கதகதப்பைத் தேடி உள்ளே செல்லும் பல்லி, தன் உயிரோடு பலகையின் உயிரையும் போக்கிவிடும். ஈரத் துணியால் திரையைத் துடைப்பதும் கேடே. வழிந்தோடும் நீர் கீழ் விளிம்பில் தங்கி, கண்ணாடித் தகட்டோடு ஒட்டப்பட்ட நுண்ணிய இணைப்புகளை அரித்துவிடும். சில நாட்களில் திரையில் நெடுங்கோடுகள் தோன்றும். அவற்றைத் திருத்துவது அரிது. உலர்ந்த மெல்லிய துணியே போதுமானது.

திரை இருண்டுவிட்டால் எறிந்துவிட வேண்டுமா? ஒலி கேட்கின்றது, படம் மட்டும் இல்லை என்றால், இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தைத் திரையின்மேற் சாய்த்துப் பார்க்கலாம். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் கண்ணாடித் தகடு நலமாக உள்ளது, கெட்டது பின்னொளி. விளக்குப் பட்டைகளை மாற்றித் திருத்த முடியும். சிவப்பு விளக்கும் எரியாவிடின் மின்வழங்கற் பலகையைச் சோதிக்கச் சொல்லலாம். அதிலும் சில உருளைகளை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுவது உண்டு. ஆனால் பின்மூடியைத் திறப்பது வீட்டாரின் வேலையன்று. பிளக்கைக் கழற்றிய பின்னும் அவ்வுருளைகளில் மின்சாரம் தேங்கி நிற்கும். கண்ணாடித் தகடே உடைந்திருந்தால் திருத்தும் செலவு புதியதன் விலையை எட்டிவிடும். 2022இல் டொலரின் மதிப்பு சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறிய பின்னர், பழையதைத் திருத்திப் பாவிப்பது சிக்கனம் என்பதை மலையகக் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை.

இக்காலக் கருவிகளுக்கு வேறொரு மூப்பும் உண்டு. இணையத்தோடு இணையும் ‘ஸ்மார்ட்’ தொலைக்காட்சிகளில், மென்பொருளைப் புதுப்பிப்பதைத் தயாரிப்பாளர் சில ஆண்டுகளில் நிறுத்திவிடுகின்றனர். திரை இளமையோடிருக்க, செயலிகள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுக்கின்றன. இது பழுதன்று, சிறு புறப்பெட்டி ஒன்றை இணைத்தால் அதே திரை மேலும் பல ஆண்டுகள் பயன்படும்.

வாங்கும்போது ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டுத் திரும்பாமல், உத்தரவாதச் சீட்டை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டல் வேண்டும். கண்ணாடித் தகட்டுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் தனித்தனிக் காலம் குறிக்கப்பட்டிருக்கலாம். இடி மின்னலால் நேரும் சேதம் பெரும்பாலும் அச்சீட்டின் அடியில், சிறிய எழுத்தில் விலக்கப்பட்டிருக்கும்.