‘அடுத்து என்ன படிக்க?’ – ராமநாதபுரம் கரையில் அன்றும் இன்றும்

1952-ல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்த ராமேஸ்வரத்து மாணவர் ஒருவர், அங்கேயே பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தார். 1954-ல் பட்டம் வாங்கிய பிறகுதான் தனக்கு ஏற்ற துறை இயற்பியல் இல்லை, பொறியியல் என்று அவருக்குப் புரிந்தது. இன்டர்மீடியட் முடித்த கையோடு பொறியியலுக்குப் போயிருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே அப்போது தெரியாது என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொல்கிறார். அந்த மாணவர் அப்துல் கலாம்.

அதே 1952-ல்தான் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி தொடங்கியது. காரைக்குடி அன்று ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர். சொந்த மாவட்டத்துக்குப் பொறியியல் கல்லூரி வந்த ஆண்டில், அந்த மாவட்டத்தின் கெட்டிக்காரப் பையன் வேறு பக்கம் போய்விட்டார். போன ஆண்டுகள் இரண்டு.

ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. பறவை எப்படிப் பறக்கிறது என்பதைப் புரியவைக்கப் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போனவர் ராமேஸ்வரத்தின் சிவசுப்பிரமணிய ஐயர். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் அய்யாதுரை சாலமன் தன்னம்பிக்கை ஊட்டினார். ஆசை காட்ட ஆள் இருந்தது. எந்தப் படிப்புக்கு எந்த வாசல் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பணமும் இல்லை. பிறகு பொறியியல் படிக்கச் சென்னை எம்.ஐ.டி.யில் கலாம் சேர, அவருடைய அக்கா ஜோஹராவின் தங்க வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின.

கலாமுக்கே இந்தக் கதி என்றால் சாதாரணப் பிள்ளைகளின் நிலையைக் கேட்க வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர், இல்லாவிட்டால் ஆசிரியர் பயிற்சி. தேறாவிட்டால் அப்பாவின் படகு. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் என்றால் கடல் கடந்த வியாபாரம், பின்னாளில் வளைகுடா. சித்தப்பா தபால் துறையில் இருந்தால் பையனும் தபால் துறைப் பரீட்சை எழுதுவான். உறவுக்குள் முன்னே போன ஒருவர்தான் வழிகாட்டி. அப்படி ஒருவர் இல்லாத வீட்டுக்கு வழியும் இல்லை.

இன்று படிக்க இடம் இல்லை என்று சொல்ல முடியாது. கீழக்கரையில் 1984 முதல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ராமேஸ்வரத்தில் கலாம் பெயரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’, பையனுக்கு 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ என்று மாதம் 1,000 ரூபாய். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ அரசுப் பள்ளிக்குள்ளேயே வழிகாட்டலைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் ‘கல்லூரிக் கனவு’ முகாம். கல்லூரிக்குப் போகாமல் நின்றவர்களைத் தேட ‘உயர்வுக்குப் படி’. எழுபது ஆண்டுகளுக்கு முன் யாரும் நினைத்துப் பார்க்காத ஏற்பாடுகள் இவை.

ஆனாலும் ஒரு சிக்கல் அப்படியே இருக்கிறது. வழிகாட்டல் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே உண்டு என்று திட்டம் சொன்னாலும், முகாமும் கூட்டமும் பெற்றோரின் கவலையும் குவிவது பிளஸ் டூவில்தான். கதவு அடைபடுவதோ அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் அன்று.

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மீனவர் மகனை எடுத்துக்கொள்வோம். கடலோரக் காவல்படையில் நாவிக் பொதுப் பணிக்குப் போக பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். கப்பல் அதிகாரி ஆவதற்கான படிப்புக்கு இவற்றோடு வேதியியலும் வேண்டும். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டமான பி.எஃப்.எஸ்சி.க்கு உயிரியல் வேண்டும். மீனவர் பிள்ளைகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடும் உண்டு. கணிதம்–உயிரியல் சேர்ந்த முதல் குரூப்பை எடுத்தவனுக்கு மூன்று கதவும் திறந்திருக்கும். “மேத்ஸ் கஷ்டம்டா, நம்ம பசங்க எல்லாம் காமர்ஸ் குரூப்லதான் இருக்காங்க” என்று கூட்டாளி சொல்வதைக் கேட்டு வணிகவியலில் உட்கார்ந்தவனுக்கு, கடலைப் பிறந்ததிலிருந்து அறிந்தும், மூன்றும் அடைபட்டுவிடும். மீனவர் பிள்ளைகளைக் காவல்படைத் தேர்வுக்குத் தயார் செய்ய கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது. குரூப் மாறிப்போனவனுக்கு அதனால் என்ன பயன்? வணிகவியல் மட்டமான படிப்பு அல்ல. வங்கிக்கும் தணிக்கைக்கும் போக நினைப்பவனுக்கு அதுதான் சரி. தெரிந்து எடுத்தானா, தெரியாமல் எடுத்தானா என்பதே கேள்வி.

இந்தக் கரையின் நாட்காட்டியும் இதில் சேர்ந்துகொள்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பொதுத்தேர்வு முடிவு, குரூப் எடுப்பது, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. நிவாரணம் 8,000 ரூபாய். வீட்டில் பாடு இல்லாத நேரத்தில், ‘இப்போது முன்பணம் கட்டினால் சீட் உறுதி’ என்று தரகர் வந்து நிற்கிறார். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று கையில் தயாராக இருந்தால் கட்டணச் சலுகையே கிடைத்திருக்கும் என்பது பணம் கட்டிய பிறகு தெரியவருகிறது.

அன்று குறை, தகவல் இல்லாதது. இன்று குறை, தகவல் காலம் கடந்து வருவது. இரண்டிலும் பிள்ளை இழப்பது அதே இரண்டு ஆண்டுகளை. இதைச் சரிசெய்யப் புதுத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. தடைக்காலத்தில் படகும் கரையில் நிற்கிறது, அப்பாவும் வீட்டில் இருக்கிறார். அந்த மே மாதத்திலேயே, பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து எந்த குரூப் எங்கே கொண்டுபோகும் என்று ஊர்ப் பள்ளி சொல்லட்டும். அந்தப் பள்ளியில் படித்து இன்று காவல்படையிலோ கப்பலிலோ மருத்துவமனையிலோ இருப்பவர்கள் ஒரு நாள் விடுப்புப் போட்டு வாருங்கள். உங்கள் தெருப் பிள்ளை பிளஸ் டூ எழுதும்வரை காத்திருக்காதீர்கள். பத்தாம் வகுப்பிலேயே கேளுங்கள்: அடுத்து என்ன படிக்கப் போகிறாய், ஏன்?