யுங்ஃப்ராவ் மலையடியில் எந்த ஊரில் அறை எடுப்பது?

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் ஓஸ்ட் ரயில் நிலையத்தில் மலைக்குப் புறப்படும் ரயிலில் ஏறுகிறவர்கள், பெட்டியில் காட்டியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். கொஞ்ச தூரத்தில் ஸ்வைலூட்ஷீனன் என்ற சிறு நிலையம் வரும். அங்கே ரயில் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்குள் நுழையும். மறுபாதி இடப்பக்கம் திரும்பி கிரிண்டல்வால்டுக்கு ஏறும். கறுப்பு லூட்ஷீனெ, வெள்ளை லூட்ஷீனெ என்ற இரண்டு ஆறுகள் கலக்கும் இடம் ஸ்வைலூட்ஷீனன். ஊரின் பெயருக்கே 'இரண்டு லூட்ஷீனெ' என்றுதான் பொருள். பெட்டி மாறி உட்கார்ந்தவர் வேறொரு பள்ளத்தாக்கில் போய் இறங்குவார்.

தங்குமிடம் தேடும்போதும் இதே தவறு நடக்கிறது. இணையத்தில் 'இன்டர்லாக்கன் பகுதி' என்று தேடினால் ஐந்து ஊர்களின் அறைகள் ஒரே பட்டியலில் வந்து விழுகின்றன. இன்டர்லாக்கன், லாட்டர்புருன்னன், கிரிண்டல்வால்ட், வெங்கன், மியூரன். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் தாழ்வானது சுமார் 570 மீட்டர் உயரத்திலும், மேலே உள்ளது 1,638 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சிலவற்றுக்குக் காரில் போகலாம். இரண்டுக்குக் காரே போகாது. அதனால் நட்சத்திரக் கணக்கையும் காலை உணவையும் பார்ப்பதற்கு முன்னால் ஊரை முடிவு செய்துகொள்வது நல்லது.

இன்டர்லாக்கன்: எல்லா வழிகளும் சேரும் இடம்

துன் ஏரி ஒரு பக்கம், பிரியன்ஸ் ஏரி மறுபக்கம். இரண்டையும் ஆரே ஆறு இணைக்கிறது. ஏரிகளுக்கு நடுவே உள்ள இந்தச் சமவெளியில் 12ஆம் நூற்றாண்டிலேயே அகஸ்டீனிய மடம் ஒன்று இருந்தது. லத்தீனில் 'ஏரிகளுக்கிடையே' என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் இன்டர்லாக்கன் என்ற பெயர் வந்தது.

ஊரின் நடுவே ஹோஹேமாட்டே என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. சுமார் 14 ஹெக்டேர். சுற்றுலா சூடுபிடித்த 1860களில் அந்த நிலத்தில் ஹோட்டல்கள் எழும்பியிருக்கலாம். ஆனால் 1864இல் ஹோட்டல் உரிமையாளர்களும் ஊர்க்காரர்களுமாக 37 பேர் சேர்ந்து அதை வாங்கி, எக்காலத்திலும் கட்டடம் எழுப்புவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இன்றும் அந்தத் தெருவிலுள்ள ஹோட்டல்களின் முன்பக்க ஜன்னலைத் திறந்தால் பசும்புல்லுக்கு அப்பால் யுங்ஃப்ராவ் சிகரம் தெரிவதற்கு அந்த 37 பேர்தான் காரணம். பாராகிளைடரில் பறப்பவர்கள் வந்து இறங்குவதும் அந்தப் புல்வெளியில்தான்.

இந்தியர்களுக்கு இந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது. இந்தி இயக்குநர் யஷ் சோப்ராவின் படங்கள் சுவிஸ் மலைகளை நம் ஊர்த் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தன. அதற்கு நன்றியாக 2016இல் அவருக்கு இங்கே குர்ஸால் தோட்டத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். இந்திய உணவகங்களும் பல உண்டு. சோறும் பருப்பும் இல்லாமல் இரண்டு நாள் தாங்காத பெரியவர்களோடு வருகிற குடும்பத்துக்கு இது சாதாரண வசதி இல்லை.

இங்கே அறை எடுப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, ஊரில் இரண்டு ரயில் நிலையங்கள் இருப்பதை. கடைவீதி, துன் ஏரிப் படகு ஆகியவற்றுக்கு வெஸ்ட் நிலையம் பக்கம். மலை ரயில்கள், லூசெர்ன் ரயில், பிரியன்ஸ் ஏரிப் படகு எல்லாம் ஓஸ்ட் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். தினமும் மலைக்குப் போகப்போகிறவர் வெஸ்ட் பக்கம் அறை எடுத்தால் காலையிலும் மாலையிலும் அந்தத் தூரம் கூடிக்கொண்டே போகும். விடுதியில் தரும் விருந்தினர் அட்டையைக் காட்டி உள்ளூர்ப் பேருந்தில் இலவசமாகப் போகலாம் என்பது ஓர் ஆறுதல்.

குறை ஒன்றுதான். மலை இங்கிருந்து தூரத்துக் காட்சி. அதன் மடியில் தூங்கி எழ வேண்டும் என்று வருகிறவருக்கு இன்டர்லாக்கன் போதாது.

லாட்டர்புருன்னன்: அருவிகளின் பள்ளத்தாக்கு

ஓஸ்ட் நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம். உயரம் சுமார் 800 மீட்டர். இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். அதிலிருந்து விழும் அருவிகள் 72 என்று ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். அவற்றுள் ஸ்டாப்பாக் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து ஊரின் தலைக்கு மேலேயே விழுகிறது. 1779இல் இதைக் கண்ட ஜெர்மன் கவிஞர் கதே இதைப் பற்றிக் கவிதை எழுதினார். 1911இல் இளைஞராக இங்கே நடந்து திரிந்த ஆங்கில எழுத்தாளர் டோல்கியன், பிற்பாடு தன் கதையில் வரும் ரிவெண்டெல் பள்ளத்தாக்கை இதன் சாயலில் அமைத்தார் என்பார்கள். ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, மலையின் வயிற்றுக்குள்ளேயே விழும் டிரும்மெல்பாக் அருவிகள் இருக்கின்றன. பனியாறுகள் உருகி ஓடும் காலத்தில் அவற்றில் விநாடிக்கு 20,000 லிட்டர் வரை தண்ணீர் பாய்கிறது.

வெங்கனுக்கும் மியூரனுக்கும் ஏறும் வழி இங்கிருந்துதான் பிரிகிறது. எந்தப் பக்கம் போகவும் இது வசதியான நடுவிடம். கார் வைத்திருப்பவர்களுக்கும் ஏற்றது.

ஆனால் பாறைச் சுவர் உயரமானது என்பதால் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். கோடையில் அது தெரியாது. டிசம்பர், ஜனவரியில் நன்றாகத் தெரியும். கூட்டமும் அதிகம். சமூக ஊடகப் படங்களால் இந்தக் குறுகிய பள்ளத்தாக்குக்குள் கார்கள் வந்து குவிகின்றன. காரில் வந்து பகலிலேயே திரும்பிவிடும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று 2024இல் உள்ளூர் நிர்வாகமே யோசித்தது. பிரியன்ஸ் ஏரிக்கரையில் உள்ள இசெல்ட்வால்ட் கிராமத்தில் இது நடந்தே விட்டது. கொரியத் தொடர் ஒன்றில் வந்த படகுத்துறையைப் பார்க்கக் கூட்டம் மொய்த்ததால், அதன்மேல் ஏறிப் படம் எடுக்க 5 ஃபிராங்க் வசூலிக்கிறார்கள்.

லாட்டர்புருன்னனில் இரவு தங்குகிறவருக்கு ஒரு நன்மை உண்டு. மாலையில் பேருந்துகளும் கார்களும் போனபின் அருவியின் ஓசை மட்டும் மிஞ்சும். பகலில் வந்து போகிறவர்களுக்கு அந்த ஊர் கண்ணில் படுவதே இல்லை.

கிரிண்டல்வால்ட்: ஐகரின் எதிரில்

1,034 மீட்டர் உயரம். இன்டர்லாக்கனிலிருந்து அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம். அகன்ற பள்ளத்தாக்கு, எதிரே 3,967 மீட்டர் ஐகர் சிகரத்தின் வடக்குச் சுவர். 1938இல்தான் மனிதர்கள் முதன்முதலாக அந்தச் சுவரில் ஏறி முடித்தார்கள். அதற்கு முன் முயன்று அங்கேயே உயிர்விட்டவர்கள் பலர்.

2020 டிசம்பரில் ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப் கார் ஓடத் தொடங்கியபின் இந்த ஊரின் கணக்கே மாறிவிட்டது. கிரிண்டல்வால்ட் டெர்மினல் நிலையத்திலிருந்து ஐகர் பனியாற்று நிலையத்துக்கு 15 நிமிடத்தில் போய்விடலாம். அங்கிருந்து மலைக்குள் குடைந்த சுரங்கப்பாதை ரயிலில் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யோக் நிலையத்தை அடையலாம். 1912இல் திறந்த அந்த ரயில் பாதைக்குத் திட்டம் போட்ட தொழிலதிபர் அடோல்ஃப் குயர் செல்லர், வேலை முடியும் முன்பே 1899இல் இறந்துபோனார்.

யுங்ஃப்ராவ்யோக்குக்கு கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக்கட்டணம் 200 ஃபிராங்குக்கு மேல். மேலே மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கிரிண்டல்வால்டில் தங்கினால், காலையில் எழுந்து வானத்தையும் மலையுச்சிக் கேமராப் படத்தையும் பார்த்தபின் டிக்கெட் எடுக்கலாம். இரண்டு மூன்று நாள் தங்குபவருக்கு இதுவே பெரிய லாபம்.

அறை எடுக்கும்போது ஊருக்குள் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். டெர்மினல் ஊரின் கீழ்க்கோடியில் இருக்கிறது. ஃபர்ஸ்ட் மலைக்குப் போகும் ரோப் கார் ஊரின் மேற்பக்கத்தில். பழைய ரயில் நிலையம் இரண்டுக்கும் நடுவே. சரிவின் மேலே இருக்கும் மரவீடுகளிலிருந்து காட்சி அபாரம். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் நடப்பது வேறு கதை.

வெங்கனும் மியூரனும்: கார் ஏறாத ஊர்கள்

லாட்டர்புருன்னன் பாறைச் சுவருக்கு மேலே இரு பக்கமும் மேடையைப் போல நிலம் விரிந்திருக்கிறது. கிழக்கு மேடையில் 1,274 மீட்டரில் வெங்கன். மேற்கு மேடையில் 1,638 மீட்டரில் மியூரன். இரண்டிலும் பொதுமக்களின் கார்கள் ஓடுவதில்லை. காரில் வருகிறவர்கள் கீழே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஏற வேண்டும்.

வெங்கனுக்கு 1893இல் தொடங்கிய பல்சக்கர ரயில் கால்மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். நிலையத்தில் இறங்கியதும் ஹோட்டல்களின் சிறு மின்வண்டிகள் பெட்டிகளை ஏற்றிக்கொள்ளும். மேற்கு நோக்கிய ஊர் என்பதால் மாலை வெயில் நெடுநேரம் நிற்கும். கடை, உணவகம், குழந்தைகள் ஓடியாட இடம் எல்லாம் உண்டு. ஆண்டுதோறும் ஜனவரியில் லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் போட்டி நடக்கும். 1930 முதல் நடந்துவருகிறது. அந்த வாரம் அறை கிடைப்பது அரிது.

மியூரன் இன்னும் சிறியது. நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 450 பேர். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் நேர் எதிரே வரிசையாக நிற்கும். லாட்டர்புருன்னனிலிருந்து ரோப் காரும், பிறகு 1891 முதல் ஓடும் சிறு ரயிலுமாக ஏறுவது ஒரு வழி. பள்ளத்தாக்கின் உள்ளே ஸ்டெஷல்பெர்க்கிலிருந்து நேரே ஏறுவது இன்னொரு வழி. 2024 டிசம்பரில் அங்கே திறந்த புதிய ரோப் காரின் சரிவு 159.4 சதவீதம், உலகிலேயே செங்குத்தானது. நாலு நிமிடத்தில் மேலே சேர்க்கும். அதே தடத்தில் மேலும் போனால், 1969இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பார்த்த ஷில்ட்ஹார்ன் சுழலும் உணவகம்.

இந்த ஊர்களில் தங்குகிறவர் கடைசி ரயில், கடைசி ரோப் கார் நேரத்தை மனப்பாடம் செய்துவைத்திருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாது. மியூரனிலிருந்து யுங்ஃப்ராவ்யோக் போக பள்ளத்தாக்கில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். சைவ உணவுக்கு ஹோட்டலில் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்.

பணக் கணக்கு

அறை வாடகையோடு செலவு முடிவதில்லை. ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வோர் இரவுக்கும் 'குர்டாக்ஸெ' என்ற சுற்றுலா வரி உண்டு. சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு எடுத்தால் கடைசியில் துப்புரவுக் கட்டணம் தனியாக வரும். சீசனில் பல வீடுகளை சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை ஒரு வாரத்துக்குத்தான் தருவார்கள். இருந்தாலும் நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வீடுகளே சிக்கனம். மிக்ரோஸ், கோஆப் கடைகளில் அரிசியும் காய்கறியும் தயிரும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

விடுமுறை வீடுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகாததற்கு ஒரு சட்டப் பின்னணி இருக்கிறது. 2012 மார்ச்சில் நடந்த பொதுவாக்கெடுப்பில், எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சுவிஸ் மக்கள் மிகக் குறைந்த வித்தியாசத்தில் முடிவெடுத்தார்கள். ஆண்டில் சில வாரம் மட்டும் விளக்கெரியும் வீடுகளால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குடியிருக்க வீடு கிடைக்காத நிலையைத் தடுக்கத்தான் அந்த முடிவு.

ரயில் பாஸ் இருந்தால் கணக்கு மாறும். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர் கிரிண்டல்வால்ட், வெங்கன், மியூரன் வரை கூடுதல் கட்டணமின்றிப் போகலாம். அதற்கு மேல் யுங்ஃப்ராவ்யோக்குக்குத் தள்ளுபடி மட்டுமே. பாஸ் இல்லாதவருக்கு மேலே உள்ள ஊரில் தங்குவது ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் செலவு.

காலமும் முக்கியம். நவம்பரிலும், ஈஸ்டர் முடிந்து கோடை தொடங்கும் வரையிலும் பராமரிப்புக்காகப் பல ரோப் கார்களை நிறுத்துவார்கள். வெங்கன், மியூரன் ஹோட்டல்கள் பலவும் மூடிக்கிடக்கும். அப்போது வருகிறவர்களுக்கு இன்டர்லாக்கன்தான் பாதுகாப்பு.

  

யாருக்கு எந்த ஊர்?

ஒரே இரவுதான் என்றால் இன்டர்லாக்கன், அதுவும் ஓஸ்ட் நிலையத்தின் பக்கம். யுங்ஃப்ராவ்யோக்தான் குறி, இரண்டு இரவு இருக்கிறது என்றால் கிரிண்டல்வால்ட். கார் எடுத்துவருகிறவருக்கும், நாளுக்கொரு திசையில் நடக்க விரும்புகிறவருக்கும் லாட்டர்புருன்னன். தனிமையும் மலையும் மட்டும் போதும் என்பவருக்கு மியூரன். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் முதல் முறை வந்து, மூன்று நான்கு இரவு தங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, கோடையில் வெங்கனே முதல் தேர்வு: கார் இல்லாத தெரு, நிலையத்திலேயே பெட்டியை வாங்கிக்கொள்ளும் ஆள், லாட்டர்புருன்னனுக்கு நேரடி ரயில், வழியில் ஒருமுறை மாறினால் யுங்ஃப்ராவ்யோக்குக்கும் ரயில் என எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. முன்பணம் கட்டுவதற்கு முன், அந்தத் தேதியில் ரோப் கார் ஓடுகிறதா என்பதையும், நிலையத்திலிருந்து விடுதிக்கு எத்தனை நிமிட நடை, ஏற்றமா இறக்கமா என்பதையும் விடுதிக்கே எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.