விசையுந்துக் கைப்பிடித் தண்டு மாற்றம்

விசையுந்துக் கைப்பிடித் தண்டு மாற்றம் என்பது, விசையுந்தில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட கைப்பிடித் தண்டைக் கழற்றிவிட்டு, உயரம், அகலம் அல்லது வளைவில் வேறுபட்ட மற்றொன்றைப் பொருத்துவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இத்தண்டு ஹேண்டில்பார் எனப்படுகின்றது. வண்டியைத் திருப்பப் பயன்படும் இத்தண்டிலேயே ஆக்சிலரேட்டர், முன் பிரேக் நெம்பு, கிளட்ச் நெம்பு, மின் சொடுக்கிகள் ஆகியவையும் அமைந்துள்ளன. எனவே இம்மாற்றம் தோற்றத்தை மட்டுமன்றி, ஓட்டுநர் அமரும் நிலை, வண்டியின் கையாளுமை, பாதுகாப்பு ஆகியவற்றையும் பாதிக்கின்றது.

இயங்கும் முறை

கைப்பிடித் தண்டு ஒரு நெம்புகோலாகத் தொழிற்படுகின்றது. 700 மில்லிமீட்டர் அகலமான தண்டில், கைப்பிடியின் முனை திருப்பு அச்சிலிருந்து 350 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும். 800 மில்லிமீட்டர் தண்டில் இது 400 மில்லிமீட்டர் ஆகும். அதே முறுக்கத்தைப் பெற அகன்ற தண்டில் எட்டில் ஒரு பங்கு குறைவான விசை போதுமானது. ஆனால் கை அதற்கேற்பக் கூடுதல் தொலைவு நகர வேண்டும்.

மிக மெதுவாகச் செல்லும்போது, தண்டைத் திருப்பிய பக்கமே வண்டியும் திரும்புகின்றது. வேகமாகச் செல்லும்போது நிலை வேறு. வலப்புறம் திரும்ப, வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சில்லு ஒரு கணம் இடப்புறம் திரும்புவதால் வண்டி வலப்புறம் சாய்ந்து வளைவில் செல்கின்றது. இது எதிர்த்திருப்பல் எனப்படும். தண்டின் அகலத்தை மாற்றும்போது இவ்விசையின் அளவும் மாறுவதால், புதிய தண்டுடன் வண்டி பழக்கமில்லாத முறையில் நடந்துகொள்வதாக ஓட்டுநர் உணரக்கூடும்.

வகைகள்

* உயர் தண்டு: கைகள் தோளுயரத்திற்கு அல்லது அதற்கும் மேலே இருக்கும். குரங்கு மரக்கிளையில் தொங்குவது போன்ற தோற்றத்தைக் குறிக்கும் பெயரே ஆங்கிலத்தில் இதற்கு வழங்குகின்றது. 1969 ஆம் ஆண்டில் வெளிவந்த ஈசி ரைடர் என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்வகையை உலகறியச் செய்தது.
* கிளிப்-ஆன்: ஒரே தண்டாக இல்லாமல், முன்கவையின் இரு குழாய்களிலும் தனித்தனியாக இறுக்கிப் பொருத்தப்படும் இரு குறுந்தண்டுகள். ஓட்டுநர் முன்னோக்கிக் குனிவதால் காற்றுத்தடை குறைகின்றது. பந்தய வண்டிகளில் காணப்படுகின்றது.
* ஏஸ் தண்டு: வழக்கமான பிடிப்பானிலேயே பொருத்தி, கைகளைத் தாழ்த்தும் வளைவுடையது. 1938 ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பட்ட ஏஸ் கஃபே, 1960களில் இத்தகைய வண்டிகளை ஓட்டிய இளைஞர்கள் கூடும் இடமாக விளங்கியது.
* மோட்டோகிராஸ் தண்டு: அகலமானது, வளைவதைத் தடுக்கப் பெரும்பாலும் நடுவில் குறுக்குக் கம்பி கொண்டது. கரடுமுரடான நிலத்தில் நின்றவாறு ஓட்ட ஏற்றது.

தண்டு மட்டுமே ஒரு வண்டியின் இயல்பை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகும் இரு ராயல் என்ஃபீல்டு வண்டிகள் எடுத்துக்காட்டாகும். 2018 ஆம் ஆண்டில் அறிமுகமான இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய இரண்டும் ஒரே 648 கன சென்டிமீட்டர் இயந்திரத்தைக் கொண்டவை. முதலாவதில் குறுக்குக் கம்பியுடன் கூடிய அகன்ற தண்டும், இரண்டாவதில் கிளிப்-ஆன் தண்டுகளும் உள்ளன. பின்னதில் கால்தாங்கிகளும் பின்தள்ளி அமைந்துள்ளன. தண்டைத் தாழ்த்தும்போது கால்தாங்கியின் இடமும் பொருந்த வேண்டும் என்பதை இது காட்டுகின்றது. இல்லாவிடில் உடலின் எடை மணிக்கட்டில் இறங்கி, உள்ளங்கை நரம்பு அழுத்தப்பட்டு விரல்கள் மரத்துப்போகும்.

அளவுகள்

பெரும்பாலான விசையுந்துகளின் தண்டு 22 மில்லிமீட்டர் (ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு) விட்டம் கொண்டது. ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் ஓர் அங்குலத் தண்டு வழக்கத்தில் உள்ளது. பருத்த தண்டுகள் பிடிப்பானில் ஏறத்தாழ 28.6 மில்லிமீட்டரும், கைப்பிடியில் 22 மில்லிமீட்டரும் இருக்கும். பிடிப்பானின் விட்டத்திற்குப் பொருந்தாத தண்டைத் தகடு செருகி இறுக்குவது ஆபத்தானது. தண்டுகள் எஃகு அல்லது அலுமினியக் கலவையால் ஆனவை. விழுந்து வளைந்த அலுமினியத் தண்டை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றிப் பின்னர் முறியலாம்.

மாற்றும் முறை

1. பெட்ரோல் தொட்டி துணியால் மூடப்படுகின்றது. பிரேக் எண்ணெய் வண்ணப்பூச்சை அரிக்கும் தன்மையது.
2. முனை எடைகள், கைப்பிடி உறைகள், சொடுக்கிகள், நெம்புகள் ஆகியவை கழற்றப்படுகின்றன. பிரேக் எண்ணெய்க் கலனைக் கவிழாமல் நிமிர்ந்த நிலையில் கட்டி வைக்க வேண்டும். கவிழ்ந்தால் காற்று உட்புகும்.
3. மேற்பிடிப்பானின் போல்ட்டுகள் நீக்கப்பட்டு, புதிய தண்டு நடுவில் வைத்துப் பொருத்தப்படுகின்றது. பிடிப்பானில் புள்ளிக்குறி இருப்பின், பல வண்டிகளில் அது முன்பக்கம் அமைய வேண்டும். இறுக்கும் வரிசையும் முறுக்க அளவும் வண்டியின் பராமரிப்புக் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.
4. சொடுக்கிப் பெட்டியின் உட்புற முளைக்குத் தண்டில் சிறு துளை தேவைப்படலாம். துளை பிடிப்பானுக்கு அருகே அமையக் கூடாது.
5. தண்டு உயர்ந்தால் கேபிள்களும் பிரேக் குழாயும் நீளமானவையாக மாற்றப்படுகின்றன. குழாய் மாற்றப்பட்டால் புதிய செப்பு வளையங்கள் இட்டு, அமைப்பிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

சோதனை

வண்டியை நிறுத்தித் தாங்கியில் வைத்து, தண்டை இருபுறமும் இறுதி வரை திருப்பிப் பார்ப்பது இன்றியமையாதது. நெம்போ விரலோ தொட்டியில் மோதக் கூடாது. கேபிள், குழாய், மின்கம்பி எதுவும் இழுபடக் கூடாது. பின்னர் இயந்திரத்தை இயக்கி, கியர் போடாத நிலையில் மீண்டும் திருப்ப வேண்டும். அப்போது இயந்திரத்தின் வேகம் தானாக உயர்ந்தால் ஆக்சிலரேட்டர் கேபிள் குட்டையாக உள்ளது என்று பொருள். இக்குறை உள்ள வண்டி, குறுகிய திருப்பத்தில் ஓட்டுநர் கேளாமலேயே வேகமெடுக்கும். கைவிட்டவுடன் ஆக்சிலரேட்டர் தானே மூடிக்கொள்வதையும், முன் பிரேக் நெம்பு உறுதியாக இருப்பதையும் உறுதி செய்த பின்னரே வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் (1988), பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கின்றது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கைப்பிடியைப் பற்றி அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கைகள் தோளுயரத்திற்கு மேல் 6 அங்குலத்தைத் தாண்டும்படி தண்டு அமையக் கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

* விசையுந்து
* மிதிவண்டி
* நெம்புகோல்
* முறுக்கம்