புதிய மீன்தொட்டியும் பாசி தின்னும் மீனும்

பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளிலுள்ள கமக்காரர் இல்லங்களிலும் தோட்டக் குடியிருப்புக்களிலும் கண்ணாடித் தொட்டியில் அலங்கார மீன் வளர்ப்போர் உளர். தொட்டியிற் படியும் பாசியை அகற்றும் பொருட்டு, வியாபாரிகள் ‘டாங்க் கிளீனர்’ என்று கூறும் உறிஞ்சுவாய்க் கெளிற்று மீனையும் இவர்கள் வாங்குவதுண்டு. இம்மீன் அழுக்கைத் தின்று தானே வாழும் என்று எண்ணுவது தவறு. ஏனைய மீன்களின் கழிவு அதற்கு உணவாகாது. புதிய தொட்டியிற் பாசியும் இராது. ஆகவே, உணவிடாவிட்டால் அது சில வாரங்களிற் பட்டினியால் மடியும்.

1. தொட்டியைப் பக்குவப்படுத்தல்

வயலில் இட்ட யூரியா அமோனியாவாக மாறுவதையும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுவதையும் கமக்காரர் அறிவர். மீன்தொட்டியிலும் இதுவே நிகழ்கின்றது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் தோன்றும் அமோனியா மீனுக்கு நஞ்சாகும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியிற் பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். குளிர்ந்த இடங்களில் இன்னும் கூடிய காலம் வேண்டும். பழைய தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை இட்டால் இக்காலம் குறையும். பாசி தின்னும் மீனை இதன் பின்னரே வாங்குதல் நன்று. குழாய் நீரில் குளோரின் உள்ளதாயின், அதனை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

2. பாசியை வளர்த்துக் கொடுத்தல்

நான்கைந்து கூழாங்கற்களை வெயில்படும் இடத்தில் நீர் நிறைந்த வெள்ளைப் பாத்திரத்தில் இடுக. தொட்டியிலிருந்து அகற்றும் பழைய நீரை அதில் ஊற்றினால் பாசி விரைந்து படரும். பச்சை படர்ந்த கல்லொன்றைத் தொட்டியில் வைத்து, அது வெறுமையானதும் எடுத்து மீண்டும் வெயிலில் இடுக. இவ்வாறு மாற்றி மாற்றி வைத்தால் பாசி தொடர்ந்து கிடைக்கும்.

3. மரக்கறி உணவு

வெள்ளரி, சுரை, பூசணி, போஞ்சி ஆகியன ஏற்றவை. ஒரு சென்ரிமீற்றர் தடிப்பான துண்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டு ஆறவைத்து, சிறு கல்லோடு கட்டி நீரின் அடியில் விடவேண்டும். இம்மீன் இரவில் இரை தேடுவதாதலால், விளக்கை அணைக்கும் வேளையில் இடுவதே சிறந்தது. மிச்சத்தைக் காலையில் தவறாது அகற்றுக; அழுகினால் அமோனியா பெருகும். வாரத்தில் இரண்டொரு முறை நீரில் அமிழும் மீனுணவுக் குளிகையும் கொடுக்கலாம். வயிறு சற்றுத் திரண்டிருப்பது நல்ல நிலை. வயிறும் கண்ணும் குழிந்திருந்தால் உணவு போதவில்லை என்று அறிக. குளிர்மிக்க நாட்களில் மீன் குறைவாகவே உண்ணும். உணவையும் குறைக்க வேண்டும்.

4. நஞ்சு குறித்து எச்சரிக்கை

பூச்சிநாசினி தெளித்த பாத்தியிலிருந்து பறித்த காயை மீனுக்கு இடலாகாது. பூச்சிநாசினிகளுட் பல, மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்வன. செடியின் உள்ளே ஊடுருவும் வகைகள் கழுவுவதாற் போகா. மருந்து தெளியாத வீட்டுத்தோட்டச் செடியொன்றை இதற்கென ஒதுக்குக. மருந்து கலக்கிய வாளியையும் தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்.

5. ஓயாவில் விடலாகாது

தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய இம்மீன் ஓரடிக்கு மேல் வளரும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உடைய தொட்டியில் அது திரும்பவும் இயலாது. அவ்வேளையில் அதனை ஓயாவில் விடுவது பெருந்தவறு. பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியையே சேர்கின்றன. மகாவலி மீதுள்ள பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இம்மீன் ஏற்கெனவே பெருகியுள்ளது. இதன் முட்கள் வலையைக் கிழிப்பன. முட்டையிடும் பொருட்டு இது கரையைக் குடைவதாற் கரை சரியும். குளக்கட்டும் வாய்க்கால் வரம்பும் கமக்காரருக்கு எத்துணை இன்றியமையாதன என்பதைக் கூற வேண்டியதில்லை. சிங்களத்திற் ‘கல் பாண்டியா’ எனப்படுவதும் இலங்கைக்கே உரியதுமான சிறுமீன், மலைநாட்டு ஓயாக்களின் கற்களிலுள்ள பாசியை உண்டு வாழ்கின்றது. வேற்று மீன் அதன் உணவுக்கும் போட்டியாகும்.

ஆதலால், வளர்ந்த மீனை விற்ற கடையிலேயே ஒப்படைக்கவும். அன்றேல் பெரிய சீமெந்துத் தொட்டி உள்ளவரிடம் கொடுக்கவும். வாரந்தோறும் தொட்டி நீரில் நாலிலொரு பங்கை மாற்றுக. அகற்றும் நீரை ஓயாவிலோ வாய்க்காலிலோ ஊற்றாது மரக்கறிப் பாத்திக்கு ஊற்றுக. அதிலுள்ள நைத்திரேற்றுப் பயிருக்கு உரமாகும்.