காதால் பார்க்கும் கதை



நாம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். மாலையில் அடுப்படியில் வேலையாக இருக்கும் பாட்டி, தூரத்தில் தப்பு ஒலி கேட்டதும் கையிலிருக்கும் அகப்பையை வைத்துவிட்டுக் காது கொடுப்பார். இரண்டு மூன்று அடி விழுந்தவுடன், "கோயில்ல கரகம் எடுத்துட்டாங்க" என்பார். வேறொரு நாள் அதே தப்பு, அதே கை. ஆனால், அடி வேறு. பாட்டியின் முகம் வாடிவிடும். "கீழ் லயத்துல யாரோ தவறிட்டாங்கடா" என்பார். வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்காமலே, ஒருவர் வந்து சொல்லாமலே, நடந்தது இன்னதென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

திரைப்படத்தின் பின்னணி இசை செய்கின்ற வேலையும் ஏறக்குறைய இதுதான். பெரிய வாத்தியக் குழுவை வைத்து இசையமைக்கப்பட்ட ஆங்கிலப் படங்களில் இந்த வேலை எவ்வாறு நடக்கிறது என்பதை இன்று சற்றுப் பார்ப்போம். பாட்டில்லாத படங்கள் என்று நம்மில் பலர் அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். பாட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் மெட்டு உண்டு.

ஒரு பாத்திரத்துக்கோ, ஓர் இடத்துக்கோ, ஓர் எண்ணத்துக்கோ உரியதாக ஒரு சிறு மெட்டை முதலிலேயே கட்டி வைத்துவிடுவார்கள். அந்தப் பாத்திரம் வரும்போதெல்லாம் அந்த மெட்டும் வரும். இதனை அடையாள மெட்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்டு வாக்னர் தம்முடைய நான்கு பகுதி இசை நாடகத்தில் இம்முறையை மிகப் பெரிய அளவில் கையாண்டார். அந்நாடகம் முழுவதுமாக 1876இல் பைராய்த் நகரில் அரங்கேறியது. மோதிரத்துக்கு ஒரு மெட்டு, வாளுக்கு ஒரு மெட்டு, நெருப்புக்கு ஒரு மெட்டு. மேடையில் வாள் இல்லாதபோதும் வாளின் மெட்டு ஒலித்தால், ஒருவன் மனத்தில் வாளின் நினைவு எழுந்துவிட்டது என்று அவையோர் தெரிந்துகொள்வார்கள்.

இந்த முறையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், வியன்னாவில் பிறந்து அமெரிக்கா சென்ற மேக்ஸ் ஸ்டைனர். பேசும்படம் தோன்றிய புதிதில் பின்னணி இசை வைக்கவே தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். காட்டின் நடுவே ஒருவன் நடந்து போகிறான். அங்கே வயலின் எங்கிருந்து வந்தது என்று மக்கள் கேட்க மாட்டார்களா என்பது அவர்களுடைய கவலை. 1933இல் வந்த 'கிங் காங்' அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தது. அந்த மாபெரும் குரங்குக்கு ஸ்டைனர் கொடுத்தது, மேலிருந்து கீழே இறங்கும் மூன்றே சுரங்கள். தீவின் தலைவன் படியிறங்கி வரும் காட்சியில் ஒவ்வோர் அடிக்கும் இசையும் ஓர் அடி வைக்கும். இன்று பார்த்தால் சற்று மிகையாகத் தோன்றலாம். அன்று மக்கள் வயலின் எங்கே என்று கேட்கவில்லை.

அதே வியன்னாவில் வளர்ந்தவர் எரிக் வோல்ஃப்காங் கார்ன்கோல்டு. 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க 1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஹாலிவுட்டுக்குக் கடல் கடந்து வந்தார். அவர் யூதர். மார்ச் மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. அவர் ஊர் திரும்ப வழியில்லாமல் போயிற்று. அந்தப் படம்தான் தம் உயிரைக் காப்பாற்றியது என்று பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு. படத்தின் இசைக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. கத்திச் சண்டைக்கும் குதிரைப் பாய்ச்சலுக்கும் அவர் எழுதிய துள்ளலான இசையே பின்னால் வந்த பல சாகசப் படங்களுக்கு வழிகாட்டி.

இனி, நமக்குப் பழக்கமான ஒரு படத்துக்கு வருவோம். 1975இல் வெளிவந்த 'ஜாஸ்'. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய சுறாமீன் கதை. இசை ஜான் வில்லியம்ஸ். சுறாவுக்கென்று அவர் பியானோவில் வாசித்துக் காட்டியது அடுத்தடுத்த இரண்டே சுரங்கள். இயக்குநர் முதலில் அதை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்துவிட்டாராம். ஆனால், அந்த இரண்டு சுரங்களை செல்லோவும் டபுள் பாஸும் அடிக்குரலில் வாசிக்கத் தொடங்கியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதாயிற்று. ஆகவே, படத்தின் பெரும்பகுதியில் சுறாவை நாம் காண்பதே இல்லை. நீரைக் காண்கிறோம், இசையைக் கேட்கிறோம். அந்த இசைதான் சுறா.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறது? மெட்டு மெதுவாக ஒலித்தால் சுறா தொலைவில் இருக்கிறது. விரைந்தால் நெருங்குகிறது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஓங்கினால் வாயருகே வந்துவிட்டது. தூரத்தை அளக்கும் கோலாகவே வேகத்தைப் பயன்படுத்திவிட்டார் வில்லியம்ஸ். இன்னும் ஒன்று உண்டு. கூட்டம் நிறைந்த கடற்கரையில் நீருக்கு மேல் ஒரு செதில் தெரிகிறது. மக்கள் அலறி ஓடுகிறார்கள். அப்போது அந்த மெட்டு வருவதில்லை. ஏன்? அது சுறா அன்று. அட்டையால் செய்த செதிலை வைத்துக்கொண்டு இரு சிறுவர்கள் செய்த குறும்பு. இசை நம்மிடம் பொய் சொல்லவில்லை. இவ்வாறு நம் நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகு, படகின் பின்புறம் இறைச்சித் துண்டுகளை எறிந்துகொண்டிருக்கும் காவல் அதிகாரியின் முன்னால் ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. மெட்டை எதிர்பார்த்துப் பழகிய நம் காது ஏமாந்து போகிறது, நாற்காலியிலிருந்து துள்ளிவிடுகிறோம்.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, இசை விரிவுரையாளர் இந்தக் காட்சியைத்தான் முதல் பாடமாக வைத்தார். ஒலியை அடைத்துவிட்டுக் காட்டினார். பெண்ணொருத்தி நிலவொளியில் நீந்துகிறாள், அவ்வளவுதான். ஒலியோடு காட்டினார். எங்கள் வகுப்பில் கடலோரக் கம்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அந்த விடுமுறையில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை என்று பின்னர் ஒத்துக்கொண்டார்!

ஒரே மெட்டு ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால் சலித்துப் போகும். வீட்டில் அம்மா "தம்பி" என்று கூப்பிடுகிறார். சாப்பிடக் கூப்பிடும் "தம்பி" வேறு. தேர்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடும் "தம்பி" வேறு. சொல் ஒன்றுதான்; குரலை வைத்தே ஓடுவதா நிற்பதா என்று பிள்ளை முடிவு செய்கிறான். மெட்டும் அவ்வாறே குரல் மாற்றும். வில்லியம்ஸ் இசையமைத்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் கறுப்பு முகமூடி அணிந்த வேடர் என்னும் கொடியவனுக்கு உரிய அணிவகுப்பு மெட்டு, 1977இல் வந்த முதல் படத்தில் இல்லை. 1980இல் வந்த இரண்டாம் படத்தில்தான் பித்தளைக் கருவிகளின் முழக்கத்தோடு அது பிறந்தது. நிலம் அதிரும் படை நடை அது. 1983இல் வந்த மூன்றாம் படத்தில் அவன் மகனின் மடியில் சாகிறான். அப்போதும் அதே மெட்டுதான் வருகிறது. ஆனால், முழக்கம் இல்லை, முரசு இல்லை. தனித்தனிக் கருவிகள் மெல்லிய குரலில் ஆளுக்குச் சிறிது வாசிக்க, கடைசியில் ஹார்ப் என்னும் மேனாட்டு யாழின் நரம்பில் அந்த மெட்டு அடங்கிவிடுகிறது. மன்னிப்பைப் பற்றி யாரும் அங்கே நீளமாக உரையாடவில்லை. 1999இல், இவன் சிறு பிள்ளையாக இருந்த கதையைப் படமாக்கியபோது வில்லியம்ஸ் இன்னொன்றும் செய்தார். பிள்ளைக்கு இனிமையான ஒரு மெட்டைக் கொடுத்து, அதன் கடைசி வரியில் அந்தப் படை நடையைக் கிசுகிசுக்க வைத்தார். தெரிந்தவர் காதுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

அடுத்து, துரத்தலுக்கும் சண்டைக்கும் உரிய இசை. வேகமாகவும் சத்தமாகவும் வாசித்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நிமிடத்துக்கு 120 அடி விழும் தாளத்தை எடுத்துக்கொண்டால், விநாடிக்கு இரண்டு அடி. ஓர் அடிக்கு 12 படங்கள். காட்சி தொடங்கி ஐந்தரை விநாடியில் நாயகன் குதிரையிலிருந்து தாவுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடி காட்சியின் தொடக்கத்திலேயே விழுந்தால், தாவும் இடத்தில் விழுவது பன்னிரண்டாவது அடி. நான்கு நான்காக எண்ணினால் அது மூன்றாம் வட்டத்தின் கடைசி அடி, வலுவில்லாத அடி. தாவலுக்கோ வலுவான முதல் அடி வேண்டும். இசையமைப்பாளர் என்ன செய்வார்? நான்கு, நான்கு, மூன்று என்று எண்ணி ஓர் அடியைக் குறைத்துவிடுவார். பன்னிரண்டாவது அடி புது வட்டத்தின் முதல் அடியாகிவிடும். சண்டை இசை இடறி இடறி ஓடுவதுபோல் நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். தாளம் போட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு விரைவில் விளங்கிவிடுகிறது. இசைக் கலைஞர்கள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு 'டிக், டிக்' என்னும் அடியைக் கேட்டுக்கொண்டே வாசிப்பதும் உண்டு.

சில வேளைகளில் இசையை நிறுத்துவதே அறிவுடைமை. 1968இல் வந்த 'புல்லிட்' படத்தின் கார் துரத்தல் பெயர் பெற்றது. இரண்டு கார்களும் ஒன்றையொன்று மோப்பம் பிடிக்கும் வரையில் லாலோ ஷிஃப்ரினின் இசை பதுங்கிப் பதுங்கி வரும். உண்மையான ஓட்டம் தொடங்கியதும் இசை நின்றுவிடும். அப்புறம் இயந்திர உறுமலும் டயர் கிறீச்சிடுவதும்தான். நம் கருத்தில், இன்று வரும் படங்கள் பலவற்றுக்கு இந்தப் பாடம் தேவைப்படுகிறது. வெடிச் சத்தத்தோடு முரசும் போட்டியிட்டால் இரண்டுமே கேட்பதில்லை.

சென்ற ஆண்டு நம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு, 1981இல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தின் லாரித் துரத்தலைக் காட்டினோம். ஏறத்தாழ எட்டு நிமிடக் காட்சி. முதலில் ஒலி இல்லாமல். கசங்கிய தொப்பியும் தோல் சட்டையும் அணிந்த ஒருவன் குதிரையில் விரட்டிவந்து, சீருடைச் சிப்பாய்கள் ஓட்டிப்போகும் லாரியில் தாவி, ஓட்டுநரை அடித்து வெளியே தள்ளுகிறான். "யார் நல்லவன்?" என்று கேட்டோம். வகுப்பில் பாதிப் பேர், "தொப்பிக்காரன் கொள்ளைக்காரன் சார், லாரியைத் திருடுறான்" என்றார்கள். பிறகு ஒலியோடு காட்டினோம். அவன் கை ஓங்கும் இடங்களில் டிரம்பெட்டில் அவனுடைய அணிவகுப்பு மெட்டு தலைகாட்டும். அடிபட்டுச் சரிந்தால் மெட்டும் பாதியில் அறுந்து போகும். இப்போது எல்லாரும் ஒரே குரலில் அவன் பக்கம். சிலர் மேசையைத் தட்டிக் கைகொட்டினார்கள்.

பின்வரிசை மாணவி ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. "சார், சிப்பாய்க்கு அந்தப் பாட்டைப் போட்டிருந்தா நாங்க சிப்பாய் பக்கம் போயிருப்போமா?" என்று கேட்டாள். நமக்கு உடனே பதில் வரவில்லை. செய்தே பார்த்துவிடுவோம் என்று மறுநாள் அதே காட்சியின் ஒலியை அடைத்துவிட்டு, வேடரின் படை நடையை அதன்மேல் ஓடவிட்டோம். தொப்பிக்காரன் தாவியபோது ஒருவரும் கைதட்டவில்லை. முதல்நாள் மேசையைத் தட்டிய பையன், "இப்ப அவனைப் பார்த்தா பயமா இருக்கு" என்றான். அந்த மாணவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நேத்து நம்மள ஏமாத்திட்டாங்க" என்றாள். ஏமாற்றவில்லை, கதைக்குத் துணை செய்தார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தாலும் ஒலியைக் குறைத்துவிட்டு முதலில் ஒருமுறை பார்க்கிறாளாம். அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தபோது சற்று அலுத்துக்கொண்டே இதைச் சொன்னார்.

படம் முன்னால் போக, இசை அதன் பின்னால் ஓடும் என்பதுதான் வழக்கம். ஒருமுறை இது தலைகீழாக நடந்தது. 1982இல் வந்த 'ஈ.டி.' படத்தின் இறுதியில் சிறுவர்கள் மிதிவண்டியில் தப்பி ஓடுவதும், வேற்றுலகத் தோழன் விடைபெறுவதும் நீண்ட ஒரே இசையாக அமைந்தவை. வில்லியம்ஸ் பலமுறை வாத்தியக் குழுவை நடத்தியும், திரையில் ஓடும் படத்தோடு இம்மிகூடப் பிசகாமல் இசையைப் பொருத்த முடியவில்லை. ஸ்பீல்பெர்க் திரையில் ஓடிய படத்தை நிறுத்தச் சொன்னார். படத்தை மறந்துவிட்டு, கச்சேரி மேடையில் நடத்துவதுபோல் நடத்துங்கள் என்றார். அவ்வாறே இசை பதிவாயிற்று. பின்னர் இயக்குநர் படத்தை வெட்டி ஒட்டி, அந்த இசைக்குப் பொருந்துமாறு அமைத்துக்கொண்டார்.